இருப்புக் கொள்ளாத சித்தி

என் சித்தியின் வீட்டில் பிஸ்கட் தட்டு நேராக நம் கைக்கு வந்துவிடாது. அதற்கு முன் சித்தி ஒன்றை எடுத்துக் காதருகே கொண்டுபோய் உடைத்துப் பார்ப்பாள். 'டக்' என்று கேட்டால் தட்டு நமக்கு. சத்தம் கொஞ்சம் மந்தமாக இருந்தால், "நமுத்துப்போச்சு" என்று முகத்தைச் சுளித்துத் தட்டோடு உள்ளே போய்விடுவாள். வந்தவர்கள் வெறும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

"பிஸ்கட்டுக்கு நாடி பாக்குறா" என்பார் சித்தப்பா. "எனக்கு ஜுரம் வந்தப்பகூட இவ்வளவு பக்கத்துல வந்து கேக்கல."

"நீங்க நமுத்து வருஷக்கணக்காச்சு. உடைச்சா சத்தமே வராது" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

சித்தி முன்பெல்லாம் இப்படி இல்லை. அவளைப் போல நிதானமான பெண்ணை எங்கள் குடும்பத்தில் பார்க்க முடியாது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பால் பொங்கி வழிந்தாலும் சாவகாசமாக எழுந்து வருவாள். அதற்குக் காரணம் அவள் பார்த்த வேலை. கல்யாணமான புதிதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கப் கம்பெனியில் சரக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய வெள்ளைக் கோப்பைகள் கூரை வரை அடுக்கியிருக்கும். போன வருடம் வைத்தது இந்த வருடமும் அப்படியே இருக்கும். எலி எட்டிப் பார்க்காது. பூச்சி வராது. வெயிலோ மழையோ, அந்தக் கோப்பைகளுக்கு எதுவும் தெரியாது. சாவி இடுப்பில், வாரப் பத்திரிகை மடியில், மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம். அவள் தூங்கினாலும் அந்த வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

பிளாஸ்டிக் கோப்பைகளை வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, ஒருநாள் கம்பெனியை மூடினார்கள். சித்தி வீட்டுக்கு வந்தாள். சித்தப்பா அதற்கு முன்பே ஓய்வு பெற்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டவர். டீவிக்கு முன்னால் அவர், அவருக்கு முன்னால் டீ. சித்தி அந்த மாதங்களில் ஒரே அலமாரியைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். யாராவது போன் செய்து, "என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "சும்மாதான் இருக்கேன்" என்று சொல்வாள். சொல்லிவிட்டுப் போனை ஏதோ கை சுட்டதுபோல வைப்பாள். அந்த 'சும்மா' அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

பழைய முதலாளிக்கு ஒரு மகள். மேல்படிப்பு படித்துவிட்டு வந்தவள், அப்பாவின் ஷெட்டில் பாதியை வாங்கிக்கொண்டு வேறொரு தொழிலைத் தொடங்கினாள். கோப்பைதான், ஆனால் தின்னக்கூடிய கோப்பை. மக்காச்சோள மாவும் கோதுமைத் தவிடும் கலந்து பிசைந்து, இரும்பு அச்சில் அழுத்திச் சுட்டு எடுப்பார்கள். உள்பக்கம் கடல்பாசிப் பசையை மெல்லியதாகப் பூசுவார்கள். டீயை ஊற்றிக் குடித்துவிட்டுக் கோப்பையையும் கடித்துத் தின்றுவிடலாம். பிடிக்காவிட்டால் மண்ணில் போடலாம், கரைந்துபோகும். வேலையாட்கள் அவளைச் 'சின்ன முதலாளி' என்றார்கள். சித்தி மட்டும் 'பாப்பா' என்றாள். சின்ன வயதில் கோப்பை மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்து விளையாடிய பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது?

"வந்துடுங்க ஆன்ட்டி" என்றாள் சின்ன முதலாளி. "ஸ்டோர் உங்களோடதுதான். அதே ஷெட்டு, அதே கோப்பை, அதே வேலை."

மூன்றில் ஷெட் ஒன்றுதான் உண்மை.

முதல் நாள் சித்தி ஒரு கோப்பையைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இளம் பழுப்பாக, வறுத்த மாவின் வாசனையோடு இருந்தது.

"இதுக்கு ஆயுசு எவ்ளோ பாப்பா?"

"காத்துப் படாம, ஈரம் படாம வெச்சா ஆறு மாசம் தாங்கும்."

"காத்தும் ஈரமும் படாம உலகத்துல யாரு இருக்கா?"

"அதனாலதான் உங்களக் கூப்பிட்டேன்" என்று சொல்லிச் சின்ன முதலாளி சிரித்தாள். சித்திக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் வந்தது எறும்பு. தின்னக்கூடிய கோப்பை என்று மனிதர்களுக்குத்தான் வாசலில் போர்டு எழுதி மாட்ட வேண்டியிருந்தது. எறும்புகளுக்கு யாரும் சொல்லவில்லை, அவையாகவே தெரிந்துகொண்டன. சித்தி அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினாள். எறும்பு நின்றது. சில நாள் கழித்துக் கீழ்த்தட்டுக் கோப்பைகளை அழுத்தினால் விரல் உள்ளே போனது. கிண்ணத்துத் தண்ணீர் ஆவியாகி மேலே ஏறி, கோப்பைகளை நமுக்க வைத்திருந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கால்களைச் சுற்றி எண்ணெய் தடவினாள். எண்ணெய் வாசனைக்கு எலி வந்தது. எலிக்குப் பொறி வைத்தாள். பொறிக்குள் வைத்த தேங்காய்த் துண்டுக்கு மறுபடி எறும்பு வந்தது.

"பிளாஸ்டிக் கோப்பையா இருந்தா அது பாட்டுக்குச் செத்த மாதிரி கிடக்கும்" என்று அடுப்படியில் நின்று புலம்பினாள். "இது என்னடான்னா, கண்ணைத் திருப்பினா ஒரு வேலை பண்ணி வெக்குது."

அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு அடுப்பண்ணன் என்றே பெயராகிவிட்டிருந்தது. சித்தியைவிட வயதில் சின்னவன். "கைக்குழந்தை மாதிரின்னு நெனச்சுக்குங்க அக்கா" என்றான்.

"கைக்குழந்தை வளரும்டா தம்பி. இது வளராது, நமுக்கத்தான் செய்யும்."

அப்போதிருந்து அவளுக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வெயில் அடித்தால் ஜன்னலைத் திறக்க ஓடுவாள், மேகம் கூடினால் மூட ஓடுவாள். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சுவரில் கை வைத்துப் பார்ப்பாள், ஈரம் தட்டுகிறதா என்று. துவைத்த துணி எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்பதைக் கொண்டு அன்றைய காற்று எப்படி என்று முடிவு செய்வாள். கல்யாண வீட்டில் எல்லோரும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் பந்தலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் சித்தப்பா, அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க ஷெட்டுக்கு வந்தார். சரக்கறைக் கதவில் பழைய கம்பெனி காலத்தில் 'இருப்பு அறை' என்று பெயிண்ட்டில் எழுதியிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உள்ள இருக்கறதும் இருப்பு. உனக்குக் கொள்ளாததும் இருப்பு" என்றார். "ரெண்டுல ஒண்ணையாவது கணக்குல சேர்த்துக்க."

சித்தி கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுப்பண்ணன்தான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அதற்குப் பிறகு ஷெட்டில் அவளுக்கு 'இருப்பு அக்கா' என்றே பெயர் ஓடியது.

ஆனால் கோப்பை விற்கவில்லை. கடைக்காரர்கள் வாங்கிப் பார்த்தார்கள், கடித்துப் பார்த்தார்கள், "நல்லாருக்கு, சொல்றோம்" என்றார்கள். சொல்லவில்லை. ஒருநாள் சின்ன முதலாளி எல்லோரையும் அடுப்படிக்குக் கூப்பிட்டு நேராகவே பேசினாள். ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகுகளில் கேண்டீன் நடத்துகிறவர் ஒருவர் பேசியிருக்கிறார். ஜனங்கள் குடித்துவிட்டுக் கோப்பைகளை ஆற்றில் வீசுகிறார்களாம், கரையெல்லாம் கோப்பையாம். ஆற்றில் கரையும் கோப்பை அவருக்கு வேண்டும். சரக்கைப் பார்க்க நேரில் வருகிறார்.

"அவர் எடுத்துக்கிட்டா அடுப்பு எரியும்" என்றாள். "இல்லன்னா இந்த மாசக் கடைசியில அணைச்சுடலாம்னு இருக்கேன். உங்ககிட்ட மறைக்க விரும்பல."

அடுப்பண்ணனுக்கு எங்கே போனாலும் ஒரு அடுப்பு கிடைத்துவிடும். சித்திக்கு அப்படி இல்லை. இந்த வயதில் அவளை எந்தச் சரக்கறையில் சேர்த்துக்கொள்வார்கள்? அன்று மாலை வீட்டுக்கு வந்தவள், சித்தப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இன்னொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் போட்டாள். சித்தப்பா டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரு உக்காரப் போறாங்கன்னு அதை எடுக்கற?" என்று கேட்டார்.

"யாரும் உக்காரக் கூடாதுன்னுதான்."

கேண்டீன் நடத்தும் அந்தப் படகுக்காரர் வருவதாகச் சொன்ன நாளில் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. அவர் சாயங்காலம் வருவார். அவருக்குக் காட்ட வேண்டிய சரக்கின் கடைசித் தட்டுகளை அடுப்பண்ணன் சுடச்சுட இறக்கி, ஆறுவதற்காகச் சரக்கறையில் வைத்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் கூரையின் ஒரு மூலையில் சொட்டு விழ ஆரம்பித்தது. சித்தி வாளியை வைத்தாள். இன்னொரு இடத்தில் சொட்டியது, பாத்திரத்தை வைத்தாள். மூன்றாவது சொட்டு நேராகக் கோப்பைகளின் மேலேயே விழுந்தது.

சித்தி சுற்றிலும் பார்த்தாள். யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. பின்னால் பழைய சாமான்களோடு பெரிய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று சுருட்டிக் கிடந்தது, பழைய கம்பெனியில் மூட்டைகளுக்குப் போர்த்தியது. அத்தனை வருடங்களாக மழை வந்தால் அவள் கை தானாகப் போகும் இடம் அதுதான். இழுத்து வந்தாள், உதறினாள், எல்லா அலமாரிகளையும் சேர்த்து மேலிருந்து கீழ்வரை மூடினாள். ஓரங்களைக் கல் வைத்து அழுத்தினாள். ஒரு சொட்டுகூட உள்ளே போக வழியில்லை. பல நாட்களுக்குப் பிறகு அவளுக்கு மூச்சு சீராக வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குத் தெருமுனையில் இருக்கும் வீட்டுக்குப் போனாள்.

சித்தப்பா அன்று சமைத்திருந்தார். அதுவே அபூர்வம். சோற்றுப் பானையை இறக்கி மூடி வைத்திருந்தார். சித்தி தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். மூடியின் அடிப்பக்கத்திலிருந்து நீர் மளமளவென்று வழிந்து அவள் கையில் விழுந்தது.

கையைப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள்.

"என்ன, குழைஞ்சிடுச்சா?" என்றார் சித்தப்பா கவலையோடு.

"சுடச்சுட மூடிட்டேங்க" என்றாள்.

"நான்தானே மூடினேன்?"

அதற்குள் அவள் வாசலுக்குப் போய்விட்டாள். குடையை எடுக்கவில்லை. ஒரு காலில் வீட்டுச் செருப்பு, இன்னொரு காலில் சித்தப்பாவின் செருப்பு.

விரிப்பின் உள்பக்கம் முழுக்க வேர்த்திருந்தது. தூக்கியதும் துளிகள் கோப்பைகளின் மேலேயே உதிர்ந்தன. ஒரு கோப்பையை எடுத்து விளிம்பை அழுத்தினாள். அது உடையவில்லை. காது மடலைப் போல வளைந்தது. அடுத்த தட்டிலும் அதேதான். ஓரத்தில் இருந்த சில தட்டுகள் மட்டும் எப்படியோ தப்பியிருந்தன. மழை கெடுத்திருந்தால் மழையைத் திட்டலாம். இங்கே மழை உள்ளே வரவே இல்லை.

அடுப்பண்ணன் வந்து எட்டிப் பார்த்தான். விரிப்பைப் பார்த்தான், சித்தியைப் பார்த்தான்.

"அக்கா... சுட்ட சரக்கை யாராவது போர்த்துவாங்களா? அதுக்கு என்ன குளிரா எடுக்குது?"

"பேசாதடா. திரும்ப அடுப்புல வெக்கலாமா?"

"வெச்சா காயும். ஆனா நிறம் ஏறிடும். கோணிக்கவும் கோணிக்கும்."

"கோணட்டும். வை."

மத்தியானம் முழுக்க இருவரும் மாற்றி மாற்றித் தட்டுகளை ஏற்றி இறக்கினார்கள். சின்ன தீயில், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து. இந்த முறை சித்தி எதையும் மூடவில்லை. இறக்கிய தட்டுகளை விசிறியால் வீசி ஆற்றினாள். கை வலித்தால் கையை மாற்றினாளே தவிர உட்காரவில்லை.

"இதை நாம சொல்ல வேணாம் அக்கா" என்றான் அடுப்பண்ணன். "கொஞ்சம் முறுகிப்போச்சுன்னு நான் சொல்லிக்கறேன். அடுப்பு மேல பழி போட்டா அடுப்பு கோவிச்சுக்காது."

"நீ கோவிச்சுக்க மாட்டியா?"

"நான் அடுப்பு பக்கத்துலயே இருந்து பழகிட்டேன். என்மேல எது போட்டாலும் எரிஞ்சுடும்."

சித்தி அடுத்த தட்டை அடுப்பில் ஏற்றினாள். சாயங்காலம் படகுக்காரர் வந்தார். உயரமான மனிதர், உள்ளே நுழைந்தும் நிற்க இடம் தேடுகிறவர்போல ஆடிக்கொண்டே நின்றார். பார்க்கிறவர்களுக்கே கரை அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை என்று தெரியும். சின்ன முதலாளி கோப்பைகளை மேஜையில் வரிசையாக வைத்தாள். வைத்தவள் ஒரு கணம் நின்றாள். பாதி இளம் பழுப்பு, பாதி கரும் பழுப்பு. சில கோப்பைகள் மேஜையில் நேராக நிற்காமல் தலையாட்டின.

"இது ஏன் இப்படி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அடுப்பண்ணன் வாயைத் திறந்தான். சித்தி முந்திக்கொண்டாள்.

"நான்தான் பாப்பா. கூரை ஒழுகுச்சுன்னு சுடச்சுட இருந்ததைப் போர்த்திட்டேன். வேர்த்துடுச்சு. திரும்பச் சுட்டோம்."

"எதால போர்த்துனீங்க?"

சித்தி தயங்கினாள். "அப்பா காலத்து விரிப்பு."

"பிளாஸ்டிக்கா?"

வாசல் போர்டில் கொட்டை எழுத்தில் 'இங்கே பிளாஸ்டிக் இல்லை' என்றும் எழுதியிருந்தது. படகுக்காரர் உள்ளே வரும்போது அதைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். இப்போது சின்ன முதலாளியைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், ஒரு தடவை இருமினார். சிரிப்பை அடக்குகிறாரா கோபத்தை அடக்குகிறாரா என்று யாருக்கும் புரியவில்லை. சின்ன முதலாளியின் காது சிவந்துபோனது. அவள் கெட்டிலை எடுத்துக் கோப்பைகளில் டீயை ஊற்றினாள்.

படகுக்காரர் இளம் பழுப்புக் கோப்பையில் ஒன்றைக் குடித்தார். விளிம்பைக் கடித்து மென்றார். தலையாட்டினார். பிறகு கரும் பழுப்பில் ஒன்றை எடுத்தார். அது டீயைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் கீழே வைத்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து மேஜையில் கொஞ்சம் சிந்தியது.

"படகே ஆடும். அதுல இதுவும் ஆடினா ரெண்டு ஆட்டம்" என்றார். "கோணல எடுத்துக்க மாட்டேன். மத்தது நல்லாத்தான் இருக்கு. ஆனா..."

சித்தி அந்த 'ஆனா'வுக்காகவே காலையிலிருந்து காத்திருந்ததுபோல நிமிர்ந்தாள்.

"உங்க ஷெட்டுக்குள்ளயே, அத்தனையும் தெரிஞ்ச அம்மா கையிலயே இது நமுத்துப்போச்சு. என் படகுல சுத்திலும் தண்ணி. கேண்டீன்ல எப்பவும் ஆவி. என் ஆளுங்க பிளாஸ்டிக் கப்பை வெச்ச இடத்துல வெச்சுட்டு மறந்து பழகினவங்க. இந்தச் சரக்கை வாங்கி வெச்சுக்கிட்டு என்னால நிம்மதியா இருக்க முடியாது. அதான் யோசிக்கறேன்."

சின்ன முதலாளி கெட்டிலைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ஏற்கெனவே மாசக் கடைசி வந்துவிட்டிருந்தது. அடுப்பண்ணன் தரையைப் பார்த்தான்.

"நீங்க நிம்மதியா இருங்க" என்றாள் சித்தி. "நிம்மதி இல்லாம இருக்கறதுக்கு நான் வர்றேன்."

"எங்க வர்றீங்க?"

"படகுக்கு. சரக்கோட. யாராவது ஒருத்தர் அதையே பாத்துக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதானே? எனக்கு வேற எதுவும் வராதுங்க இப்ப. உக்காரச் சொன்னாக்கூட வராது."

"ஆன்ட்டி, உங்களுக்குப் படகு ஒத்துக்குமா?" என்று சின்ன முதலாளி பதறினாள்.

"தெரியாது பாப்பா. நான் ஏறினதில்ல."

படகுக்காரர் கோணல் கோப்பையை எடுத்து மீதி டீயையும் குடித்தார். பிறகு கோப்பையைக் கடித்தார். முறுகியது நன்றாகவே 'மொறுக்' என்றது. "ஒரு வாரம்" என்றார் மென்றுகொண்டே. "ஒரு வாரம் பாக்கலாம்."

படகு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் ஆற்றின் பாதியிலேயே வாந்தி எடுத்தாள், எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு சரக்குப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். கேண்டீனில் ஆவி என்று படகுக்காரர் சொன்னது குறைத்துச் சொன்னதுதான். இரண்டாம் நாள் பெட்டிகளைப் படகு முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். மேல்தளத்தில் சாரல். படிக்கட்டின் கீழ் ஈர ஓதம். கடைசியில் இன்ஜின் அறைச் சுவரில் முதுகை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவர் சூடாக, உலர்ந்து இருந்தது. பெட்டிகளை அங்கே அடுக்கினாள். இன்ஜின்காரர் சண்டைக்கு வந்தார்.

"இது என்ன உங்க வீட்டுச் சமையல்கட்டா? நகத்துங்க, நான் திரும்ப முடியல."

"நீங்க திரும்பாமலே இருங்களேன். நேராத்தானே போகுது படகு?"

அவர் முறைத்தார். மறுநாள் பெட்டிகளுக்காக ஒரு பலகையை அடித்துக் கொடுத்தார், ஆனால் முறைப்பதை நிறுத்தவில்லை.

அந்த வாரம் முடிந்தது. படகுக்காரர், "சரி, இந்த வாரமும் பாக்கலாம்" என்றார். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னார். கேட்டால், "ஆர்டர்னு எழுதிக் குடுத்தா நீங்க உக்காந்துடுவீங்க" என்கிறாராம். ஷெட்டில் அடுப்பு எரிகிறது. அதுவும் வாரா வாரம்தான். கூரையைச் சின்ன முதலாளி சரி செய்துவிட்டாள். சித்தப்பா மத்தியானங்களில் சமைக்கிறார், சாயங்காலம் சித்தி வந்து சாப்பிடும்போது படகில் என்ன நடந்தது என்று கேட்கிறார். டீவியை அணைத்துவிட்டுத்தான் கேட்கிறார். பின்கட்டில் கிடக்கும் நாற்காலியைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

போன மாதம் நான் அந்தப் படகில் போனேன். கூட்டம் அதிகம். டீ வாங்கியவர்களில் சிலர் கோப்பையைத் தின்றார்கள், சிலர் கடித்துவிட்டுச் சந்தேகமாகப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள், சிலர் வழக்கம்போல ஆற்றில் வீசினார்கள். வீசிய இடத்தில் மீன்கள் சேர்ந்தன. பயணிகள் எல்லோரும் அந்தப் பக்கமாகச் சாய்ந்து மீன்களைப் பார்த்தார்கள். சித்தி பார்க்கவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகுக்காரர் கேண்டீன் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். "அம்மா, கரை வர்ற வரைக்குமாவது உக்காருங்க. பாக்கற எனக்கே கால் வலிக்குது."

"இந்த வாரம் எப்படிங்க?" என்று கேட்டாள் சித்தி.

"பாக்கலாம்."

"அப்ப நான் கீழ போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆடும் படிகளில் இறங்கிப் போனாள்.